மருந்துக்கு அஞ்சாத ஈ

மும்பை கோரேகாவில் 1949-ல் தொடங்கப்பட்ட ஆரே பால் காலனிப் பக்கம் போகிறவர்கள், தபேலா எருமைகள் ஓயாமல் காலை உதைத்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். அது மாட்டின் திமிர் அல்ல. காலில் ஈ கடிக்கிறது.

பார்வைக்கு வீட்டு ஈ போலவே இருக்கும் இந்தக் கொட்டில் ஈயின் வாயில் ஊசி போன்ற உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். கொசுவில் பெண் மட்டுமே இரத்தம் குடிக்கும். இதில் ஆணும் குடிக்கும். மாடு உதறினால் எழுந்து, பாக்கியை அடுத்த மாட்டிடம் முடித்துக்கொள்ளும். கறவை குறைவது ஒரு நஷ்டம். நோய் தாவுவது அதைவிடப் பெரிய நஷ்டம். கடிக்கும் ஈக்கள் பரப்பும் 'சர்ரா' நோயின் கிருமியை, 1880-ல் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் கண்டறிந்தார்.

வீரியம் கூட்டினால் போதுமா?

மருந்தடித்த முதல் வருடம் ஈ கொத்துக் கொத்தாக விழும். பிறகு அதே மருந்து, அதே அளவு. ஈ மட்டும் சாவதில்லை. கடைக்காரர் கலப்படம் செய்துவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அளவைக் கூட்டுகிறவர்களும் உண்டு. அதனால் பாலில் மருந்து சேருமே தவிர, ஈ ஒழியாது.

ஈக் கூட்டத்தில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் உடல்வாகு இருக்கும். மற்றவை செத்தபின் பெருகுவதெல்லாம் அவற்றின் வாரிசுகளே. டி.டி.டி.யும், இன்று மாட்டுக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் ஆகியவையும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத் தாக்குகின்றன. ஒன்றுக்குத் தப்பியது மற்றதற்கும் தப்பக்கூடும். டப்பாவில் பெயர் மாறினால் மருந்து மாறிவிட்டது என்று அர்த்தமில்லை.

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் இவ்வகை மருந்து ஊறிய பட்டையை மாட்டின் காதில் மாட்டினார்கள். மாட்டின் மேலேயே குடியிருக்கும் கொம்பு ஈ ஒழிந்தது என்று மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் பட்டை மாட்டிய மாட்டின் மீதே ஈ மொய்த்தது.

கொட்டில் ஈயோ கடிக்கும் சில நிமிடம் தவிர மாட்டின் மேல் இருப்பதில்லை, சுவரில் ஓய்வெடுக்கும். மாட்டைக் குளிப்பாட்டுவது போல் மருந்தடித்தாலும் பயன் சொற்பமே.

மூலையில் இருக்கிறது முட்டை

சாணமும் மூத்திரமும் ஊறிய வைக்கோல், தொட்டியடியில் சிந்திய தீனி: முட்டையிடுவது இங்கேதான். அது ஈயாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் குப்பையை வாரி, மெல்லிதாகப் பரப்பி உலர்த்தினால் புழு பிழைக்காது. மும்பை மழையில் எங்கே உலர்த்துவது? குவித்து, பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினால் உள்ளே எழும் சூடே புழுவைக் கொல்லும். அதன் பிறகும் மருந்து தேவைப்பட்டால், வேறு வகை மருந்து எது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஊரில் அந்தி நேரத்தில் போடும் வேப்பிலை மூட்டம் ஈயை விரட்டும், கொல்லாது. ஆனாலும் மாடு அன்றிரவு நிம்மதியாக அசைபோடும். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் தொழுவத்து மூலை வைக்கோலைக் கிளறிப் பார்க்கலாம். வெள்ளைப் புழு நெளிந்தால், மருந்துக் கடைக்குப் போகுமுன் மண்வெட்டியை எடுக்க வேண்டும்.