பருவநிலையும் பாழூர்களும்: இடைக்கால இங்கிலாந்து தரும் படிப்பினை

ஓர் ஊர் ஏன் தோன்றுகிறது, ஏன் அழிகிறது என்பது வரலாறு பயில்வோர் அனைவரும் எதிர்கொள்ளும் வினா. இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்களில் இன்றும் புல்லால் மூடப்பட்ட மேடுகளும் பள்ளங்களும் காணப்படுகின்றன. மேடுகள் வீடுகளின் அடித்தளங்கள், பள்ளங்கள் தெருக்கள். இடைக்காலத்தில் மக்கள் வாழ்ந்து, பின்னர் பாழ்பட்ட இத்தகைய ஊர்கள் அந்நாட்டில் 3000க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. இவற்றைப் பாழாக்கியது பருவநிலை மாற்றமா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

வெம்மையும் தண்மையும்

ஏறத்தாழ 950 முதல் 1250 வரை வடமேற்கு ஐரோப்பா ஓரளவு வெம்மையான காலத்தைக் கண்டது. இக்கருத்தை 1960களில் விளக்கியவர் ஆங்கிலேயப் பருவநிலை அறிஞர் ஹியூபர்ட் லாம்ப். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து குளிரும் ஈரமும் மிக்க ஆண்டுகள் பெருகின. இம்மாற்றத்தில் நம் வட்டாரத்திற்கும் ஒரு பங்கு உண்டு. 1257இல் லோம்போக் தீவின் சமாலாஸ் எரிமலை வெடித்தபோது எழுந்த கந்தகப் படிவுகள் கிரீன்லாந்து, அண்டார்டிகா ஆகிய இரு துருவப் பகுதிகளின் பனிப்பாளங்களிலும் பதிந்துள்ளன. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் நிலவிய கடுங்குளிரையும் பஞ்சத்தையும் மேத்யூ பாரிஸ் என்னும் துறவி தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

மலைச்சரிவில் உழவு

மக்கள் ஏன் மலைச்சரிவுகளை நாடினர்? 1100க்கும் 1300க்கும் இடையில் இங்கிலாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகியது என்று மதிப்பிடுவர். பள்ளத்தாக்கில் நிலம் போதாமையால் உழவர் மேட்டு நிலங்களை உழத் தொடங்கினர். வெம்மையான ஆண்டுகள் அதற்கு இடங்கொடுத்தன.

ஆனால், உயரம் 100 மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். எனவே, சராசரி வெப்பம் அரைப்பாகை அளவு வீழ்ந்தாலும் பயிர் விளையும் எல்லை சரிவில் பல பத்து மீட்டர் கீழிறங்கும். பள்ளத்தாக்கில் வாழ்பவன் உணராத மாற்றம், எல்லையில் வாழ்பவனின் களஞ்சியத்தை வெறுமையாக்கும்.

அக்கால விளைச்சலும் மிகக் குறைவு. விதைத்தது ஒரு மரக்கால் எனில் அறுத்தது மூன்று அல்லது நான்கு மரக்கால். அதில் ஒன்றை அடுத்த ஆண்டு விதைக்கென ஒதுக்கியாக வேண்டும். விளைச்சல் இரண்டு மரக்காலாகக் குறைந்தால் பாதி விதைக்கே போய்விடும். ஓராண்டு பொய்த்தால் கடன் வாங்கிப் பிழைக்கலாம். தொடர்ந்து ஈராண்டு பொய்த்தால் விதைநெல்லையே உண்ண நேரும். ஆகவே சராசரி வெப்பத்தைவிட, தீய ஆண்டுகள் அடுத்தடுத்து வருதலே உழவனை வீழ்த்தியது. 1315 முதல் 1317 வரை இடைவிடாது பெய்த மழை ஐரோப்பாவின் வடபகுதியில் பெரும்பஞ்சத்தை விளைவித்தது இவ்வாறே.

இரு ஊர்கள், இரு சான்றுகள்

தென்மேற்கே டார்ட்மூர் மேட்டு நிலத்தில், கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்தது ஹவுண்ட் டோர் என்னும் சிற்றூர். மனிதரும் கால்நடைகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நீண்ட கல்வீடுகள் அங்கே அகழ்ந்து காணப்பட்டன. தானியத்தை உலர்த்தும் சூளைகள் பொருந்திய களஞ்சியங்களும் கிடைத்தன. ஈரம் மிகுந்ததால் கதிர்கள் வயலில் உலரவில்லை, எனவே ஊர் கைவிடப்பட்டது என ஆய்வாளர் முதலில் கருதினர். பின்னர் நடந்த மகரந்தத்தூள் ஆய்வு, பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அங்கே தானியம் பயிரிடப்பட்டதைக் காட்டியது. அதாவது, பருவநிலை சீர்கெட்ட பின்னும் மக்கள் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தனர். அக்காலம் 1348இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோயின் காலத்தோடு பொருந்துகிறது. நோயால் மக்கள் மாண்டபின் பள்ளத்தாக்கில் நல்ல நிலம் காலியாயிற்று. இனி மலையில் ஏன் இடர்ப்பட வேண்டும்?

வடக்கே யார்க்‌ஷரில் உள்ள வாரம் பெர்சி மற்றொரு சான்று. மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை, நாற்பது ஆண்டுகள், அங்கே அகழாய்வு நடத்தினர். பஞ்சத்திற்கும் கொள்ளைநோய்க்கும் பின்னும் அவ்வூரில் மக்கள் வாழ்ந்தனர். ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில்தான் எஞ்சிய குடும்பங்களை நிலக்கிழார் வெளியேற்றினார். கம்பளியின் விலை உயர்ந்திருந்தது. உழவரைவிட ஆடுகள் அவருக்கு மிகுந்த வருவாய் ஈட்டின. இடைக்காலக் கட்டடங்களில் இன்று அங்கே எஞ்சி நிற்பது கூரையற்ற தேவாலயம் ஒன்றே.

வகுப்பறைக்கு ஒரு சொல்

இவ்விரு சான்றுகளும் உணர்த்துவது யாது? பருவநிலை, வாழ்வதற்குரிய எல்லையைச் சுருக்கிற்று. கொள்ளைநோய் மக்களைக் குறைத்தது. இறுதி முடிவை மனிதரே எடுத்தனர். சில இடங்களில் உழவர் தாமே இறங்கிச் சென்றனர். சில இடங்களில் துரத்தப்பட்டனர். அனைத்திற்கும் குளிரையே காரணமாகக் கூறினால் வாரம் பெர்சியின் குடும்பங்களை வெளியேற்றியவரின் பெயர் வரலாற்றிலிருந்து மறைந்துவிடும். குளிரை அறவே ஒதுக்கினால் ஹவுண்ட் டோரின் சூளைகள் ஏன் எழுந்தன என்பது விளங்காது.

ஆகவே, ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கற்பிக்கும்போது மாணவரிடம் மூன்று வினாக்களை எழுப்பலாம். மாற்றம் நிகழ்ந்த காலமும் ஊர் பாழ்பட்ட காலமும் ஒத்துள்ளனவா? அதே குளிரைத் தாங்கிய அண்டை ஊர் ஏன் நிலைத்தது? ஊர் வெறுமையானதால் பயனடைந்தவர் யார்? கடல்மட்டம் உயர்ந்துவரும் இந்நாளில், எந்தக் கரையோரச் சிற்றூர் காக்கப்படும், எது கைவிடப்படும் என்பதை ஆராய்வோர்க்கும் இம்மூன்று வினாக்களே தொடக்கமாகும்.