ஊர்ப் பள்ளிக்கூடம் – 9: சட்டத்துக்கு 12-ம் 60-ம் ஒன்றுதான்

காலை உணவுத் திட்டத்தைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் பள்ளி இணைப்பு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணை குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூவர், 120 வரை நால்வர் என்கிறது அது. வகுப்புக்கு ஒருவர் கிடைக்க 121 பிள்ளைகள் வேண்டும். ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அந்த எண்ணை எந்தக் காலத்தில் தொடுவது? 12 பேர் படித்தாலும் 60 பேர் படித்தாலும் அது ஈராசிரியர் பள்ளிதான்.

'பன்னிரண்டு பிள்ளைக்கு இரண்டு வாத்தியார் போதாதா?' என்று கேட்பவர்கள் தலைகளை எண்ணுகிறார்கள். பாடங்களை எண்ணிப் பார்க்கலாம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தலா நான்கு பாடம். மூன்று முதல் ஐந்து வரை தலா ஐந்து. மொத்தம் 23 பாடங்கள், இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் எனும் இணையவழிப் பள்ளித் தகவல் பதிவும் அவர் தலையில்தான். மற்றவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் விகிதாசாரம் பார்ப்பதில்லை. தன் பிள்ளையின் வகுப்புக்கு டீச்சர் இருக்கிறாரா என்று பார்க்கிறார். இல்லையென்றால் வேனில் ஏற்றிவிடுகிறார். சேர்க்கை குறைய, மூன்றாவது பணியிடம் கனவாகிவிடுகிறது. ஆகவே சேர்க்கைச் சரிவைக் கற்பித்தலின் தோல்வி என்று மட்டும் படிப்பது தவறு. அது பணியிடக் கணக்கின் விளைவும்கூட.

ஆங்கில மோகம்தான் காரணம் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே இருவரை வைத்துக்கொண்டு ஆங்கில வழிப் பிரிவு திறந்தால் கூடுவது பிரிவுதான், ஆசிரியர் அல்ல. பிறப்பு விகிதமும் குறைகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது. அப்படியானால் சிறிய பள்ளி என்பது இனி விதிவிலக்கல்ல, வழக்கம். அதற்கேற்ற கற்பித்தல் முறையும் கையில் இருக்கிறது: 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பால் அல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரிக்கிறது. பாடம் நிலைப்படி நடக்கும்போது பணியிடம் மட்டும் தலைக்கணக்கில் நிற்பானேன்? பள்ளி எவ்வளவு சிறியதானாலும் மூன்று ஆசிரியர்கள் என்று வைத்துவிட்டால் செலவு கூடும்தான். 'அதற்குப் பதில் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாமே' என்ற கேள்வி உடனே வரும். அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. இணைப்பு, அடுத்த வாரம்.