2 வரியை எடுத்தார். உலகமெங்கும் பூட்டு மாறியது!

கம்ப்யூட்டர் நிரல் ஒன்றில் 2 வரிகள் நீக்கப்பட்டன. நடந்தது அவ்வளவுதான்.

அதன் பலன் என்ன தெரியுமா? பல நாடுகளில் கம்ப்யூட்டர் நிர்வாகிகள் தங்கள் ரகசியச் சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, புதிய சாவி செய்ய நேர்ந்தது!

வரிகளை நீக்கியவர் திருடர் அல்ல, எதிரியும் அல்ல. குறையைத் திருத்த நினைத்த நல்ல மனிதர்.

2006-ம் ஆண்டு தொடங்கி 2008-ம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்த விஷயம் இது.

இரும்பு இல்லாத பூட்டு

வீட்டுக்குப் பூட்டு உண்டு. பெட்டிக்குப் பூட்டு உண்டு. கம்ப்யூட்டர் வழியாகப் போகும் செய்திக்கும் பூட்டு உண்டு. அது இல்லாவிட்டால், பாங்கிக் கணக்கின் ரகசியச் சொல்லை நடுவழியில் எவனும் படித்துவிடுவான்.

இந்தப் பூட்டு இரும்பால் செய்தது அல்ல, கணக்கால் செய்தது. இதன் சாவி ஒரு பெரிய எண். 600 இலக்கங்களுக்கு மேல் நீளும் எண்களும் இதில் உண்டு.

இந்தப் பூட்டு வேலையை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவது இல்லை. சிலர் எழுதி வைத்ததைப் பலரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப் பெயர் பெற்ற நிரல் தொகுப்புதான் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.'

எரிக் யங், டிம் ஹட்சன் என்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கிய நிரலில் இருந்து 1998-ல் இது பிறந்தது. இதற்கு விலை கிடையாது. உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

இப்படிப்பட்ட இலவச நிரல்களைத் திரட்டி, ஒன்றாகக் கட்டித் தருவது 'டெபியன்' என்ற அமைப்பு. 1993-ல் தொடங்கியது. பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து இதை நடத்துகிறார்கள்.

சோழி குலுக்கும் குடுக்கை

சாவி எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது? பிறர் ஊகிக்க முடியாத எண்ணாக அது இருக்க வேண்டும்.

சோழியைக் குலுக்கிப் போட்டால் எத்தனை விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது அல்லவா? கம்ப்யூட்டரும் அப்படித்தான் செய்கிறது. தனக்குள் நடக்கும், முன்கூட்டிச் சொல்ல முடியாத சிறு நிகழ்ச்சிகளை எல்லாம் சோழிகளாகச் சேர்த்து ஒரு குடுக்கையில் போடுகிறது. நன்றாகக் குலுக்குகிறது. வருகிற எண்ணைக் கொண்டு சாவி செய்கிறது.

குடுக்கையில் சோழி இல்லை என்றால்? எவ்வளவு குலுக்கினாலும் பயன் இல்லை.

ஓயாத எச்சரிக்கை

நிரல்களில் உள்ள தவறுகளைக் கண்டுபிடிக்க, சோதனை செய்யும் நிரல்களும் உண்டு. 'வால்கிரைண்ட்' என்பது அவற்றில் ஒன்று.

அழிக்காத சிலேட்டில் யாரோ முன்பு கிறுக்கியதைத் தன் கணக்கு என்று எண்ணி ஒரு பையன் படித்தால் என்ன ஆகும்? கணக்கு தப்பாகும். நிரல்களும் சில சமயம் அப்படி அழிக்காத இடத்தைப் படிப்பது உண்டு. அப்போது 'வால்கிரைண்ட்' எச்சரிக்கும்.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். தொகுப்பைப் பயன்படுத்திய நிரல்களில் எல்லாம் இந்த எச்சரிக்கை வந்தது. வரிசை வரிசையாக வந்தது. உண்மையான தவறு எது, வெறும் சத்தம் எது என்று தெரியாமல் நிரல் எழுதுவோர் திண்டாடினார்கள்.

டெபியனில் இந்தத் தொகுப்புக்குப் பொறுப்பாக இருந்த தொண்டர் காரணத்தைத் தேடினார். 2 இடங்களில் இருந்த 2 வரிகள் அவர் கண்ணில் பட்டன.

அவற்றை நீக்கலாமா என்று 2006 மே மாதம் ஓப்பன் எஸ்.எஸ்.எல். எழுதுபவர்களிடம் கேட்டார். தவறு தேடுவதற்கு உதவுமானால் நீக்கலாம் என்ற கருத்தில் பதில் வந்தது.

சோதனைக்காக மட்டும் நீக்குவது வேறு. எல்லோரும் பயன்படுத்தும் தொகுப்பிலேயே நீக்குவது வேறு. இந்த வேறுபாடு இரு தரப்பிலும் தெளிவாகப் பேசப்படவில்லை.

2 வரிகளும் போயின.

ஒரே எழுத்து, வேறு வேலை

அந்த 2 வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆனால் வேலை வேறு.

ஒன்று, அழிக்காத சிலேட்டில் கிடந்ததையும் குடுக்கையில் தட்டிவிடும் வரி. போனால் நஷ்டம் இல்லை. 'சோதனை நிரல் இங்கே குறை சொல்லும்' என்று மூல ஆசிரியர்களே அதன் பக்கத்தில் குறித்து வைத்திருந்தார்கள்.

மற்றொன்றோ குடுக்கையின் வாய்! சோழிகள் அத்தனையும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதுவும் அடைபட்டது.

எச்சரிக்கை நின்றது. எல்லோருக்கும் நிம்மதி.

32,768 சாவிகள்

குடுக்கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டரில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் டோக்கன் போல ஓர் எண் தரப்படும். அந்த எண்தான் மிஞ்சியது. அந்தக் கம்ப்யூட்டர்களில் அது வழக்கமாக 32,768-ஐத் தாண்டாது.

ஆகவே ஒரே வகைக் கம்ப்யூட்டரில், ஒரே அளவில் செய்யப்படும் சாவிகள் அதிகபட்சம் 32,768 தான்! எண்ணி முடியாத சாவிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகைகூட இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பூட்டு பூட்டியது. சாவி திறந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2006 செப்டம்பர் 17-ந் தேதி இந்தத் தொகுப்பு டெபியனில் சேர்ந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'உபுண்டு' போன்றவற்றுக்கும் பரவியது.

குட்டு வெளிப்பட்டது

சுமார் 20 மாதங்கள் கழிந்தன. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் நிபுணர் குறையைக் கண்டுபிடித்தார்.

2008 மே 13-ந் தேதி டெபியன் பகிரங்க அறிவிப்பு செய்தது. மூடி மறைக்கவில்லை. எந்தத் தேதியில் தவறு புகுந்தது, எந்தச் சாவிகள் கெட்டன என்று விவரமாகச் சொன்னது.

அதன்பின் சில நாட்களுக்குள்ளேயே பாதுகாப்பு நிபுணர் ஒருவர், முக்கியமான அளவுகளில் வரக்கூடிய சாவிகள் அனைத்தையும் செய்து காட்டினார். அதற்குச் சில மணி நேரமே போதுமானதாக இருந்தது!

நிரலைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை. கெட்ட சாவி கெட்டதுதான். பழைய சாவியை எறிந்து புதிதாகச் செய்ய வேண்டும். கெட்ட சாவிகளின் பட்டியலை டெபியன் வெளியிட்டது. அந்தச் சாவியோடு வருபவரை உள்ளே விடாதபடி கம்ப்யூட்டர்களுக்கும் ஏற்பாடு செய்தது.

தவறு யாருடையது?

ஒருவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. நீக்கியவர் கேட்டுத்தான் நீக்கினார். பதில் சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நிரலோ எல்லோர் முன்னும் திறந்தே கிடந்தது. யாரும் படிக்கலாம் என்பது உண்மை. ஆனால் படித்தவர் எத்தனை பேர்?

ஓப்பன் எஸ்.எஸ்.எல். தொகுப்பில் எண்ணைக் குலுக்கும் பகுதி பின்னர் புதிதாக எழுதப்பட்டது. 2018-ல் வந்த 1.1.1 பதிப்பில் அது இடம் பெற்றது.

வீட்டில் பழைய சாமான்களை ஒழிக்கும்போது பாட்டி சொல்வாள்: "எதற்கு வைத்தது என்று தெரியாமல் எதையும் தூக்கிப் போடாதே!"

கம்ப்யூட்டருக்கும் அந்தப் புத்திமதி பொருந்தும்.