காது மிஷினும் குடும்ப கௌரவமும்

ஞாயிறு மதியம் கோலாலம்பூர் பங்சாரின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் பேச்சும் பாத்திரச் சத்தமுமாகக் காது அடைத்துப்போகும். மேசையே சிரித்து ஓய்ந்தபின் சிரிக்கும் தாத்தா ஒருவரை அங்கே எப்போதும் பார்க்கலாம். "கேட்டுச்சாப்பா?" என்று மகள் கேட்டால் தலையாட்டுவார். காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிடத் தலையாட்டுவது அவருக்குச் சுலபம்.

வயதானால் உள்காதில் உயர்ந்த சுருதியைப் பிடிக்கும் மயிர்க்கலங்கள்தாம் முதலில் பழுதாகின்றன. போனவை திரும்ப முளைப்பதில்லை. உயிரோசை காதில் விழும், மெய்யொலி நழுவும். சொன்னது 'கல்'லா 'பல்'லா என்று பிடிபடாது. "சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்று அவர் சொல்வது முழு உண்மை. வீட்டாரோ, "வேணுங்கிறது மட்டும் நல்லா கேக்கும்" என்று பழி போடுகிறார்கள். இது அநியாயம்.

செவிக்குறைக்கு முதுமை மட்டுமே காரணமும் அல்ல. தொழிற்சாலை இரைச்சலில் பல ஆண்டு நின்றவர்களுக்கு இது ஐம்பது வயதுக்குள்ளேயே வரலாம். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள் 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபலை வரம்பாக வைத்துள்ளன. இரைச்சலால் வரும் செவிக்குறையைத் தொழில்நோயாகக் கருதி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ இழப்பீடும் தருகிறது. உழைத்த உழைப்பின் தழும்பு அது. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

ஆனாலும் வெட்கம் விடுவதில்லை. காது கேளாமையோடு வரும் அவமான உணர்வைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் வால்ஹேகன் 2010இல் எழுதினார். முதியவர்களையும் அவர்களின் துணைகளையும் பேட்டி கண்ட அவர், தன்னைப் பற்றிய எண்ணம் மாறுவது, கிழவர் என்று ஒதுக்கப்படும் பயம், தோற்றக் கவலை ஆகிய மூன்றும் பின்னிக்கிடப்பதைக் கண்டார். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, செவிக்கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் அதை அணிவோர் சுமார் 17 விழுக்காட்டினர்தான். விலையும் பெரிய தடை என்பதை மறுக்க முடியாது.

மலேசிய வருமானவரிச் சலுகையிலும் இந்த வெட்கச் சிக்கல் தெரிகிறது. மாற்றுத்திறனாளிக்கான உபகரணம் என்ற பிரிவில் காது மிஷினுக்கு இடமுண்டு. மூக்குக் கண்ணாடிக்கு இல்லை. சலுகை வேண்டுமென்றால் சமூகநலத் துறையில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்திருக்க வேண்டும். மிஷின் போடவே கூசுகிறவர் அந்தப் பதிவுக்கு விண்ணப்பிப்பாரா?

தயக்கத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, மறதிநோய்க்கான, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளுள் செவிக்குறையையும் சேர்த்துள்ளது. செவிக்கருவியின் பயனைச் சோதித்து 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேர் கலந்துகொண்டனர். மொத்தத்தில் கருவியால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மறதி அபாயம் கூடுதலாக இருந்தவர்களிடம் மூன்றாண்டுகளில் அறிதிறன் சரிவின் வேகம் 48 விழுக்காடு குறைந்தது.

மிஷின் போட்ட முதல் வாரம் தட்டு, கரண்டிச் சத்தம்கூடத் தலைக்குள் இடிக்கும். மறந்த ஒலிகளை மூளை மறுபடி பழகச் சில வாரங்கள் பிடிக்கும். பலர் அதற்குள் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அந்த வாரங்களில் பிள்ளைகள் கத்தாமல், முகம் பார்த்து, நிதானமாகப் பேசினாலே பாதி வேலை முடியும். அப்பாவின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பார்க்கிறோம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.