குளோரினை மாற்றினார்கள், ஈயம் வந்தது

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2000-ம் ஆண்டு நவம்பரில், குழாய்த் தண்ணீரில் கலந்துவந்த குளோரினுக்குப் பதிலாகக் குளோரமினைக் கலக்க ஆரம்பித்தார்கள். நோக்கம் நல்லதுதான். அந்த ஊருக்குத் தண்ணீர் தரும் போட்டோமாக் ஆற்றில், எந்த ஆற்றையும் போலவே, மக்கிய இலைதழைகளின் சாரம் கரைந்திருக்கும். அதோடு குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் உள்ளிட்ட ட்ரைஹாலோமீத்தேன்கள் உருவாகின்றன. ராட்டர்டாம் குடிநீர் நிலைய வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் 1974-ல் இதை வெளியிட்டார். இத்தகைய தண்ணீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதாகப் பின்னர் பல ஆய்வுகள் கூறின. ட்ரைஹாலோமீத்தேன்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று 1979-ல் வரம்பு வைத்த அமெரிக்கா, அதை 80 ஆகக் குறைத்தது. அந்த வரம்பைத் தாண்டாமலிருக்கவே, அவற்றைக் குறைவாக உண்டாக்கும் குளோரமின்.

அங்கே பல வீடுகளுக்குப் போன இணைப்புக் குழாய்கள் ஈயத்தால் ஆனவை. பல ஆண்டுகளாகக் குளோரின் பட்டுப்பட்டு, குழாயின் உட்சுவரில் ஈய டைஆக்சைடு பழுப்பு நிறப் படலமாகப் படிந்திருந்தது. ஈயம் தண்ணீரில் இறங்காமல் தடுத்தது அதுதான். குளோரமினுக்கு ஆக்சிஜனேற்றும் வீரியம் குறைவு. படலம் நிலைக்காமல் கரையத் தொடங்கியது. லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற எச்சரிக்கை அளவை 4,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் ஈயம் தாண்டியிருந்ததை 2004 ஜனவரியில் நாளிதழ் ஒன்று அம்பலப்படுத்திய பிறகே ஊர் மக்களில் பெரும்பாலோருக்கு விஷயம் தெரிந்தது. அந்த ஆண்டே பாஸ்பேட் கலந்து ஈயத்தைக் கட்டுப்படுத்தினார்கள். ஆனால் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை பொறியாளர் மார்க் எட்வர்ட்ஸின் குழு 2009-ல் ஆய்வாக வெளியிட்டது. வளரும் மூளைக்கு ஈயம் செய்யும் கெடுதலைப் பாஸ்பேட்டால் திருப்ப முடியாது.

கிருமிநாசினி மருந்தை மாற்றுவதைவிட, அந்த மருந்து விழுமுன் தண்ணீரைச் சுத்தப்படுத்துவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. படிகாரம் போட்டுத் தெளியவைத்து, செயலூட்டிய கரியில் வடிகட்டி, கடைசியில் குளோரின் சேர்த்தால் அது வினைபுரிய இலைச்சாரம் அதிகம் மிஞ்சாது. ரூக்கின் நெதர்லாந்து இந்த வழியில் வெகுதூரம் போய்விட்டது. இன்று அங்கே குழாய்த் தண்ணீரில் குளோரின் கலப்பதே இல்லை. கசிவில்லாத குழாய்களும், இரவும் பகலும் குறையாத அழுத்தமும் அதற்குத் துணை.

நம் ஊர்கள் பலவற்றில் தண்ணீர் சில மணி நேரமே வருகிறது. நின்ற நேரத்தில் குழாயின் விரிசல் வழியே சாக்கடை உள்ளே புகும். இங்கே குளோரினை நிறுத்தினால் அடுத்த மழைக்கே காலராவும் டைஃபாய்டும் வரும். அதனால் குளோரின் வாடைக்குப் பயப்பட வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: இந்தியத் தர நிர்ணயம் குளோரோஃபார்முக்கும் வரம்பு வைத்திருக்கிறது, நம் தெருத் தண்ணீரில் அதை யார், எப்போது அளந்தார்கள்?