வரைந்த கைக்கே சொந்தம்

"எனக்கு ஒரு கோடுகூட நேரா வராதுங்க." பென்சிலை நீட்டினால் நம் பெண்களில் பலர் முதலில் சொல்வது இதுதான். சொல்கிறவர் அன்று விடிகாலையில்தான் வாசல் தெளித்து, ஊடு புள்ளி 15-இல் தொடங்கி 8-இல் முடித்து, பார்க்கிறவர் நின்று பார்க்கும்படி ஒரு கோலத்தைப் போட்டுவிட்டு வந்திருப்பார். கோலமாவு அவர் விரலிடுக்கில் இன்னும் ஒட்டியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரும் "நமக்கும் படத்துக்கும் ரொம்ப தூரம்" என்பார். அவர் கை மட்டும் அறுந்த வலையின் கண்ணியை அளவு பிசகாமல் முடிந்துகொண்டே இருக்கும்.

காரைக்கால் கடற்கரையில் இருக்கும் கிளிஞ்சல்மேட்டையும் அதைப் போன்ற மீனவ ஊர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இந்தக் கரை பட்ட பாடு கொஞ்சமல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமி, புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் காரைக்கால் பக்கத்து உயிர்களைத்தான் அதிகம் கொண்டுபோனது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. 2025 ஜனவரி 28 அதிகாலை, நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படை ஒரு விசைப்படகை மறித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. காரைக்காலிலிருந்து போன அந்தப் படகில் இருந்த 13 பேரும் பிடிபட்டார்கள். ஐவர் காயமடைந்தார்கள், அவர்களில் இருவருக்குப் பலத்த காயம். இப்படி ஒரு செய்தி வந்தால், பிடிபட்டவர் வீடு மட்டுமல்ல, அன்று கடலில் ஆள் இருக்கும் எல்லா வீடுகளும் தூக்கம் கெட்டுக் கிடக்கும்.

இந்த மாதிரி வேளைகளில் வாய்க்கு வராதது கைக்கு வரும். அதனால்தான் பேரிடருக்குப் பிறகு குழந்தைகளிடம் காகிதமும் கலர் பென்சிலும் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் படம் யாருடையது, அதை யார் பார்க்கலாம், அதை வைத்து யார் என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: துயரத்தில் வரைந்த படம் வரைந்தவருக்கே சொந்தம். காட்டுவதும் மறைப்பதும் விற்பதும் கிழித்துப் போடுவதும் அவர் விருப்பம்.

வரைதல் எதைச் செய்யும், எதைச் செய்யாது

கலை வழியாக மனத்தை ஆற்றும் முறைக்கு 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942-இல் சூட்டியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய் விடுதியில் படுத்துக் கிடந்த நாட்களில், வரைவது தனக்கும் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் எப்படி ஆறுதலானது என்று அவரே கண்டுகொண்டார். 2016-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவர் குழுவினரும் 39 பேரை 45 நிமிடம் வரையவும் களிமண் பிசையவும் ஒட்டுப்படம் செய்யவும் விட்டு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பை முன்னும் பின்னும் அளந்தார்கள். ஏறத்தாழ நான்கில் மூவருக்கு அது குறைந்திருந்தது. அதற்கு முன் வரைந்து பழகியிருந்தாரா இல்லையா என்பதால் பலன் மாறவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் "எனக்கு வராது" என்று ஒதுங்குகிறவருக்கு அதில் நல்ல பதில் இருக்கிறது.

நம் பக்கத்துக் கரையிலேயே ஒரு முன்னுதாரணமும் உண்டு. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த 1996-இல், மட்டக்களப்பில் கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா'வைத் தொடங்கினார்கள். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து வரைந்தார்கள், மண்ணில் பொம்மை செய்தார்கள், கதை கட்டினார்கள். குழந்தை தன் போக்கில் விளையாடி, தன் வேகத்தில் மீண்டு வர இடமும் காலமும் கொடுத்ததுதான் அங்கே நடந்த பெரிய வேலை.

வரைவது மருந்துக்கு மாற்று ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, குடி கூடிக்கொண்டே போகிறது, "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வருகிறது என்றால் அங்கே மருத்துவர் வேண்டும். ஸ்கெட்ச் புத்தகம் கூடத் துணைக்கு இருக்கட்டும்.

உங்கள் கையில் இருக்கும் உரிமைகள்

முதலாவது, மனநலச் சிகிச்சை பெறும் உரிமை. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் சேவைகளில் சிகிச்சை பெறும் உரிமையை 18ஆம் பிரிவில் எல்லோருக்கும் தருகிறது. 21ஆம் பிரிவின்படி, உடல் நோய்க்குக் காப்பீடு தரும் நிறுவனம் மனநோய்க்கும் அதே போலத் தர வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை என்கிறது 115ஆம் பிரிவு.

இரண்டாவது, ரகசியம் காக்கப்படும் உரிமை. உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர் உங்களைப் பற்றிய தகவலை வெளியே சொல்லக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ வேறு தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்க 24ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சிகிச்சையின்போது நீங்கள் வரைந்த படமும் உங்களைப் பற்றிய தகவல்தான். "ஆஸ்பத்திரி கண்காட்சியில் வைக்கிறோம்" என்றால் மறுக்கலாம். மறுத்ததற்காகச் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது.

மூன்றாவது, பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை வரைந்த கணமே உரிமை வரைந்தவருக்கு வந்துவிடுகிறது. காகிதத்தில் வரைந்தாலும் செல்போன் திரையில் விரலால் வரைந்தாலும் ஒன்றுதான். ஐந்து வயதுக் குழந்தை வரைந்தாலும் உரிமை குழந்தைக்கே. வரைந்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவு கைகொடுக்கும். படத்தை விற்ற பிறகும், அதை வரைந்தது நான் என்று சொல்லும் உரிமையையும் அதைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமையையும் 57ஆம் பிரிவு வரைந்தவரிடமே விட்டுவைக்கிறது.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். ஒருவர் பணம் கொடுத்து "என் அப்பா படத்தை வரைந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். அதனால் ஆர்டர் எடுக்கும் முன் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பதும் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எங்கே அடி படுகிறோம்

ஒரு பிள்ளை கறுப்புக் கிரயானால் பக்கம் முழுக்கத் தேய்த்து, தென்னையைவிட உயரமாக ஓர் அலையை வரைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு. வீட்டுக்குக் கதவு இல்லை. பார்க்கிற பெரியவர் உடனே ஜாதகம் கணிப்பதுபோல் ஆரம்பித்துவிடுகிறார்: கறுப்பு என்றால் துக்கம், கதவு இல்லை என்றால் பயம். மற்ற கிரயான்களைத் தம்பி எடுத்துப் போயிருக்கலாம். ஒற்றைப் படத்தை வைத்து யாருக்கும் நோய் இது என்று சொல்ல முடியாது. "இதப் பத்தி சொல்றியாம்மா?" என்று கேளுங்கள். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். "அன்னைக்கு அலை எப்படி வந்துச்சு, வரைஞ்சு காட்டு" என்று வற்புறுத்துவது ஆறும் புண்ணைக் கீறுவது. துயரப்பட்டவரைப் பேசச் சொல்லி நெருக்கக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் சொல்கிறது.

அடுத்தது போலிகள். வார இறுதிப் பயிற்சியில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு "ஆர்ட் தெரபிஸ்ட்" என்று பலகை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓவியம் சொல்லித் தருவது வேறு, மனநோய்க்குச் சிகிச்சை தருவது வேறு. மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் சொல்லிக்கொண்டால், அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "மாத்திரையை நிறுத்துங்க, வரைஞ்சாலே போதும்" என்று யார் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு. பாதிக்கப்பட்ட பிள்ளை வரைந்த படத்தை, அவள் முகம், பெயர், பள்ளிச் சீருடை எல்லாம் தெரியும்படி முகநூலில் போட்டு நிதி திரட்டுகிறார்கள். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் (2015) 74ஆம் பிரிவின்படி குற்றம். அந்தப் படத்தை வாழ்த்து அட்டையாகவோ நாட்காட்டியாகவோ அச்சிட்டு விற்பதானால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.

நான்காவது, செல்போனுக்குள் இருக்கும் வலை. "உங்க படம் அருமை, பெரிய விலைக்கு வாங்கிக்கிறேன்" என்று ஒரு செய்தி வரும். பிறகு பதிவுக் கட்டணம் என்பார், க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து 'பின்' (PIN) எண்ணைப் போடச் சொல்வார். ஒன்றை நினைவில் வையுங்கள்: யுபிஐயில் பணம் வாங்க 'பின்' எண் தேவையே இல்லை. 'பின்' எண்ணைக் கேட்டாலே அது பணத்தை எடுக்கும் வேலை.

ஐந்தாவது, செயற்கை நுண்ணறிவு. பதிப்புரிமை ஒரு குறிப்பிட்ட படத்துக்குத்தான் கிடைக்கும், பாணிக்குக் கிடைக்காது. உங்கள் பாணியைப் போல ஒரு மென்பொருள் வரைந்தால் தடுப்பது கடினம். உங்கள் படத்தையே எடுத்துப் போட்டால் தடுக்கலாம். அதனால் இணையத்தில் சிறிய அளவுக் கோப்பையே ஏற்றுங்கள். கையெழுத்தைப் படத்தின் ஓரத்தில் போடாமல் உள்ளே போடுங்கள். செல்போனில் வரைந்ததென்றால், லேயர்கள் (அடுக்குகள்) கலையாத மூலக் கோப்பைத் தேதியோடு வைத்திருங்கள். வரைந்தது நீங்கள்தான் என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது

மனம் தாங்காதபோது 14416. இது 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். அவசரமென்றால் அரசு மருத்துவமனைக்கே நேரில் போய்விடுங்கள்.

ஒரு பிள்ளை வரைந்ததிலோ சொன்னதிலோ பாலியல் கொடுமை நடந்திருக்கலாம் என்று தோன்றினால் நீங்கள் விசாரிக்க வேண்டாம், பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்கவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள், அல்லது காவல்துறைக்குச் சொல்லுங்கள். தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஓவிய ஆசிரியரும் இதற்குள் அடக்கம். மறைப்பது தண்டனைக்குரியது.

இணைய மோசடியில் பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு.

உங்கள் படத்தை இணையத்தில் யாராவது திருடிப் போட்டால், முதலில் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். அப்படி நிறுத்தி வைப்பது 21 நாட்களுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற ஆணை வாங்காவிட்டால் படம் மறுபடி வந்துவிடலாம்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இலவச சட்ட உதவி தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100. சிகிச்சை தரும் இடத்திலேயே உங்கள் உரிமை மீறப்பட்டால், அங்கே பொறுப்பில் உள்ள மருத்துவரிடமும், பதில் திருப்தி இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் கொடுக்கலாம்.

61 நாள் இருக்கிறது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். இதற்கு நடுவில்தான் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. வீட்டில் பெரியவரும் சிறியவரும் ஒன்றாக உட்கார இதைவிட நல்ல காலம் அமையாது. பழைய நோட்டின் காலிப் பக்கமும் பென்சிலும் போதும். செல்போனில் வரைய ஆசையென்றால் ஐபிஸ் பெயிண்ட், ஸ்கெட்ச்புக் போன்ற செயலிகளை இலவசமாகவே தொடங்கலாம். அவற்றில் ஓர் அம்புக்குறி உண்டு. தொட்டால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். தப்பாகிவிடுமோ என்று பயந்து பயந்தே வளர்ந்தவருக்கு அது பெரிய விடுதலை.

எதை வரைவது? எதிரில் இருப்பதை. கவிழ்த்து வைத்த ஃபைபர் படகு, வலை முடியும் ஊசி, காலடியில் கிடக்கும் ஒரு கிளிஞ்சல். கிளிஞ்சலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் வரிகள் ஒரு முனையில் கூடி மறுமுனையில் விரியும். அந்த வரிகளை ஒவ்வொன்றாக வரைந்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில் நெஞ்சுக்குள் இருக்கும் இரைச்சல் கொஞ்சம் அடங்குகிறதா என்று நீங்களே பாருங்கள்.

காலையில் போட்ட கோலம் மாலைக்குள் கால்பட்டுக் கலைந்துவிடும். "அதை ஏன் போட்டாய், எதை நினைத்துப் போட்டாய்" என்று யாரும் அந்தப் பெண்ணை விசாரிப்பதில்லை. அடுத்த நாள் அவள் வேறொன்று போடுவாள். காகிதத்தில் வரைகிறவருக்கும் அந்த அளவு மரியாதையை நாம் கொடுத்தால் போதும். வரைந்ததை அவர் நீட்டினால் வாங்கிப் பாருங்கள். மடித்து உள்ளே வைத்தால், அது அவருடையது.