நிலம் காட்டும் முன்னோர்

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்து சென்று குடியேறிய ஒருவரை, அவர் வழிவந்தோர் இன்று எங்ஙனம் கண்டறிவது? 1922, ஜூன் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போரில் டப்ளின் நகரத்து ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. உயில்கள், குடிக்கணக்குகள், திருச்சபைப் பதிவேடுகள் பலவும் நீறாயின. ஆயினும், 1708-இல் திறந்த பத்திரப் பதிவகம் வேறோரிடத்தில் இருந்தமையால் பிழைத்தது.

அங்கே குத்தகைப் பத்திரங்களின் சுருக்கங்கள் உள்ளன. அக்காலத்துக் குத்தகைகள் பல, ஆண்டுக் கணக்கில் அன்று, ஆயுட்கணக்கில் விடப்பட்டவை. பத்திரத்தில் பெயர் குறித்த மூவருள் கடைசி ஒருவர் உயிரோடிருக்கும்வரை குத்தகை செல்லும். குத்தகைதாரர் யாரைக் குறிப்பார்? நெடுநாள் வாழக்கூடிய தம் பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் குறிப்பார். சிலர் வயதையும் எழுதுவித்தனர். ஞானஸ்நானப் பதிவேடு எரிந்துபோன குழந்தை, நிலப் பத்திரத்தில் அகப்படுகிறது! வகுப்பில் இதனை எத்தனை முறை சொல்லியும் எனக்கு அலுத்ததில்லை.

தொல்லை ஒன்றுண்டு. ஆட்பெயர் அட்டவணை நிலம் கொடுத்தவருக்கே உண்டு, பெற்றவருக்கு இல்லை. ஆதலின் ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும்.

மகனிலிருந்து தந்தைக்கு, தந்தையிலிருந்து பாட்டனுக்கு என்று பின்னோக்கிச் சென்றால், கிராம்வெல்லின் படையெடுப்புக்குப்பின் வில்லியம் பெட்டி 1655, 1656-ஆம் ஆண்டுகளில் அளப்பித்த நிலப்படங்களும், அவற்றையொட்டி எழுந்த பங்கீட்டுப் புத்தகங்களும் வருகின்றன. அப்புத்தகங்களில் இடப்புறம் 1641-இல் நிலத்துக்கு உரியவராயிருந்தவர் பெயர். வலப்புறம் பின்னர் அதைப் பெற்றவர் பெயர். குடியேறிய பாட்டனைத் தேடி வந்தவர், அதே வரியில், நிலத்தை இழந்த அயர்லாந்துக்காரரின் பெயரையும் படிக்க நேருகிறது.